கொலஸ்ட்ரோல் 'நோர்மல்', பிறகு எதற்குக் குளிசை?

கேள்வி: வணக்கம் டொக்டர். அப்பாவுக்கு 58 வயது. வீடு களுவாஞ்சிக்குடிப் பக்கம், வெள்ளாமை படுவான்கரையில். சீனியும் பிரஷரும் 12 வருடமாக இருக்கிறது. இந்த வருடம் கிட்னியும் பழுதாகத் தொடங்கிவிட்டது என்றார்கள். இரத்தத்தில் தங்கும் கழிவான கிரியேட்டினின் 2.0, கிட்னி வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எப்.ஆர். 38, சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் போகிறது. பிரஷருக்கு லொசார்ட்டன், அதோடு இரவில் அட்டோவாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தந்தார்கள். கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டில் மொத்தம் 182, கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்.டி.எல். 104, இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைட் 236, நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்.டி.எல். 31. "இருநூறுக்குக் கீழேதானே இருக்கு, எதற்குக் கிட்னிக்கு இன்னொரு பாரம்" என்று அப்பா அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்தி இரண்டு மாதம். அதைப் போட்டதால்தான் கால் உளைவு வந்தது என்றும் சொல்கிறார். நிறுத்தியும் உளைவு போகவில்லை, பாமசியில் ஏதோ வாங்கிப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறார். கட்டாரில் இருந்து வந்த மாமா, கிட்னியைச் சுத்தமாக்கும் அன்டிஒக்சிடன்ட் என்று ஒரு டின் பவுடரும் விட்டமின் ஈ குளிசையும் கொடுத்திருக்கிறார். அதைக் கொடுக்கலாமா? கொலஸ்ட்ரோல் குளிசை உண்மையிலேயே தேவையா? தேங்காயை முழுதாக நிறுத்த வேண்டுமா?

பதில்: மகள், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். பாமசியில் அப்பா வாங்கிப் போடுவது என்ன குளிசை? பெயரைப் பாருங்கள். டைக்ளோபினாக், ஐபுபுரோபன், மெபனமிக் அசிட், இவற்றில் ஏதாவது என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். கிட்னிக்குள் இரத்தம் போகிற சின்னக் குழாய்களை விரித்து வைத்திருக்கும் ஒரு பொருளை இந்தக் குளிசைகள் தடுத்துவிடும். நல்ல கிட்னி அதைச் சமாளிக்கும். 38இல் நிற்கிற கிட்னிக்கு அது கஷ்டம். அதுவும் லொசார்ட்டன் போட்டுக்கொண்டு, வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்த நேரத்தில் போட்டால், ஒரே வாரத்தில் கிரியேட்டினின் 2இல் இருந்து 4க்குப் போவதும் நடக்கிற விஷயம்தான். அறுவடைக் காலத்தில் இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உளைவு தாங்க முடியாவிட்டால் பரசிட்டமோல் போடலாம். 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு இரண்டு, அடுத்த தடவைக்கு ஆறு மணித்தியாலமாவது இடைவெளி.

அப்பா பயப்படுகிற குளிசை கிட்னியைக் கெடுக்காது. பயப்படாமல் போடுகிற குளிசைதான் கெடுக்கும். அட்டோவாஸ்டாட்டினை உடம்பு ஈரல் வழியாகத்தான் வெளியேற்றுகிறது, கிட்னி பழுதானவருக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டிய தேவைகூட இல்லை.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். 182 என்ற மொத்தத்தைப் பார்த்து அப்பா சந்தோஷப்பட்டதில் தவறில்லை, ரிப்போர்ட் தாளில் அச்சடித்திருக்கும் எல்லை அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த எல்லை பொதுவாக எல்லாருக்கும் போட்டது. சீனியும் கிட்னி வருத்தமும் சேர்ந்த ஒருவருக்கு ஐரோப்பிய இதய நிபுணர்களின் வழிகாட்டல் எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்ற இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். ட்ரைகிளிசரைட் கூட, எச்.டி.எல். குறைவு, எல்.டி.எல். பார்வைக்குச் சாதாரணம். கிட்னி வருத்தக்காரரின் இரத்தக் கொழுப்பு பெரும்பாலும் இந்த முகத்தோடுதான் வரும்.

ஏன் அப்படி? சாப்பாட்டில் இருந்தும் ஈரலில் இருந்தும் வருகிற கொழுப்புப் பொதிகளை இரத்தத்தில் வைத்து உடைப்பது ஒரு நொதியத்தின் வேலை. கிட்னி பழுதாகும்போது அந்த நொதியம் குறைகிறது, அதைத் தடுக்கிற ஒரு புரதமோ கூடுகிறது. பொதிகள் அரைகுறையாக உடைந்து நீண்ட நேரம் இரத்தத்திலேயே சுற்றும். அதுதான் 236. எச்.டி.எல்.லும் முழுதாக வளர முடியாமல் குறைந்துபோகிறது. எல்.டி.எல்.லில் நடப்பது இன்னும் சூட்சுமமானது. துகள்கள் சிறியதாக, இறுக்கமாக மாறுகின்றன. ஒரு துகளுக்குள் இருக்கும் கொலஸ்ட்ரோல் குறைவு என்பதால், எண்ணிக்கையில் நிறையத் துகள்கள் இருந்தாலும் மொத்த இலக்கம் பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை. மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லையும் ட்ரைகிளிசரைட்டின் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிற கணக்கு அது. அப்பாவின் 104 அப்படி வந்த 104தான், நீங்களே கழித்துப் பாருங்கள். ட்ரைகிளிசரைட் ஏற ஏற அந்தக் கணக்கின் நம்பகம் குறையும். மொத்தத்தில் இருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்தால் 151 வரும். கிட்னி வருத்தக்காரருக்கு நான் அந்த இலக்கத்தைத்தான் பார்ப்பேன். அது நல்ல இலக்கம் இல்லை.

மாமா சொன்ன அன்டிஒக்சிடன்ட் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. அவர் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. உடம்பின் கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும்போது தாக்கும் குணமுள்ள சில மூலக்கூறுகள் மிஞ்சும். அவற்றை அடக்க உடம்பிடமே நொதியங்கள் இருக்கின்றன. மிஞ்சுவது கூடி, அடக்குவது குறைந்தால் அதைத்தான் ஒட்சியேற்ற அழுத்தம் என்கிறோம். கிட்னி வருத்தத்தில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. சிறுநீரில் போகவேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தங்கி அந்த மூலக்கூறுகளைக் கூட்டுகின்றன, உயர்ந்த சீனியும் கூட்டுகிறது, ஓயாத மெல்லிய அழற்சியும் கூட்டுகிறது. அடக்கும் பக்கத்தில், இரத்தத்தில் ஓடும் குளுட்டாதயோன் பெரொக்சிடேசு என்ற காவல் நொதியத்தைப் பெரும்பாலும் உண்டாக்குவதே கிட்னிதான். கிட்னி சுருங்க அதுவும் சுருங்குகிறது. எச்.டி.எல். கூடவே கொண்டு திரியும் இன்னொரு காவல் நொதியமும் பலம் இழக்கிறது.

கொழுப்பு ஒட்சியேற்றம் அடைவது எப்படி என்று அறிய, மூடாமல் வைத்த தேங்காயெண்ணெய் காறிப்போவதை நினைத்துக்கொண்டால் போதும். நாளக் குழாய்ச் சுவருக்குள் நுழைந்த சின்ன எல்.டி.எல். துகள்கள் அங்கேயே தங்கி இப்படி ஒட்சியேற்றம் அடைகின்றன. உடம்பின் துப்புரவுக் கலங்கள் அவற்றை அந்நியப் பொருள் என்று எண்ணி விழுங்கி, வீங்கி, சுவரிலேயே படிந்துவிடும். இதய அடைப்பின் தொடக்கம் இந்தப் படிவுதான். அப்பாவின் எல்.டி.எல். 104 சாதாரண ஒருவரின் 104ஐ விட ஆபத்தானது என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

அப்பாவிடம் தயங்காமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லாரும் கிட்னி என்றால் டயலிசிஸ் என்று பயப்படுகிறார்கள். உண்மையில், அப்பாவின் கட்டத்தில் இருப்பவர்களில் டயலிசிஸ் வரை போகிறவர்களை விட அதற்கு முன்பே மாரடைப்பு, பக்கவாதம் என்று போய்விடுகிறவர்கள்தான் அதிகம். அட்டோவாஸ்டாட்டின் தந்தது கிட்னியைக் குணமாக்க இல்லை. அது கிட்னியின் வீழ்ச்சியை நிறுத்தவும் மாட்டாது, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிட்னி பழுதாவதால் ஆபத்தில் இருக்கும் இதயத்துக்கும் மூளைக்கும்தான் அந்தக் குளிசை. அதனால்தான் 50 வயதுக்கு மேல், ஈ.ஜி.எப்.ஆர். 60க்குக் கீழ், டயலிசிஸ் தொடங்காதவர் என்றால் கொலஸ்ட்ரோல் இலக்கம் என்னவாக இருந்தாலும் அட்டோவாஸ்டாட்டின் போன்ற ஒரு ஸ்டாட்டின் குளிசை கொடுங்கள் என்று சர்வதேசக் கிட்னி வழிகாட்டல் 2013இல் இருந்து சொல்கிறது. அப்பாவின் கிளினிக் டொக்டர் செய்தது அதையேதான்.

எவ்வளவு பலன் என்றும் கேட்பீர்கள். ஷார்ப் என்ற பெரிய ஆய்வு 2011இல் வந்தது. கிட்னி வருத்தமுள்ள 9,270 பேர், ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாட்டின், எசெட்டிமைப் என்ற இரண்டு கொலஸ்ட்ரோல் மருந்தும், மறு பாதிக்கு வெறும் குளிசை. ஏறத்தாழ ஐந்து வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை போன்றவை வெறும் குளிசைக்காரரில் 100க்கு 13 பேருக்கு வந்தன, மருந்து போட்டவர்களில் 11 பேருக்கு. அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவராக அப்பா இருக்கலாம், விலையும் தினம் ஒரு சின்னக் குளிசைதான்.

டயலிசிஸ் தொடங்கிய பிறகு இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. ஜேர்மனியில் டயலிசிஸில் இருந்த 1,255 சீனி வருத்தக்காரருக்கு அட்டோவாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2005இல் வந்தது. 2009இல் ரொசுவாஸ்டாட்டினை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்று. இரண்டிலும் கொலஸ்ட்ரோல் நன்றாக இறங்கியது, இதய நோயில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் நாளங்களில் சுண்ணாம்பு படிவது, இதயத் துடிப்புக் குழம்புவது என்று ஆபத்தின் தன்மையே வேறாகிவிடுகிறது. ஆகவே டயலிசிஸில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே போட்டுக்கொண்டு வருகிறவருக்கு நிறுத்துவதும் இல்லை. மகள், இதில் இருந்து ஒன்று விளங்கும்: இந்தக் குளிசை வேலை செய்கிற காலம் இப்போதுதான். அப்பா அதை நிறுத்துவதற்குத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காலத்தைத்தான்.

சரி, கால் உளைவு. ஸ்டாட்டினால் தசை உளைவு வரும் என்பது உண்மை. ஆனால் 2022இல் பெரிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, ஸ்டாட்டின் போட்டவர்கள் சொன்ன தசை வலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தக் குளிசையால் வந்தவை இல்லை என்று தெரிந்தது. அப்பாவின் விஷயத்தில் அவரே எனக்கு விடையைத் தந்துவிட்டார். குளிசையால் வந்த உளைவு என்றால் நிறுத்திய சில வாரங்களில் குறைந்திருக்க வேண்டும். இரண்டு மாதமாகியும் போகவில்லை.

அப்படியானால் அது என்ன? அப்பாவிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்று இளைப்பாறினால் விட்டு, மறுபடி நடந்தால் மறுபடி வருகிறதா? அது காலுக்கு இரத்தம் கொண்டு போகும் நாளத்தில் அடைப்பாக இருக்கலாம். அப்படி இருந்தால், எந்தக் குளிசையால் வந்தது என்று நிறுத்தினாரோ அந்தக் குளிசைதான் அதற்கு மருந்து. இரண்டாவது, இரவில் படுத்த பிறகு பாதம் எரிகிறதா, ஊசி குத்துவது போல இருக்கிறதா? அது சீனி நரம்பைத் தாக்கியதன் அடையாளம், அதற்கு வேறு மருந்து. மூன்றாவது, இரண்டு தொடையும் இரண்டு தோளும் ஒரே மாதிரி உளைந்து, குந்தி எழும்ப, படியேறப் பலவீனமாக இருக்கிறதா? இப்படி இருந்தால்தான் தசை மேல் சந்தேகம் வரும். அப்போது சி.பி.கே. என்ற இரத்தப் பரிசோதனையோடு தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைந்தாலும் தசை உளையும், கொலஸ்ட்ரோலும் ஏறும். இவை ஒன்றும் இல்லாமல் நாள் முழுக்கக் குனிந்து நின்ற முதுகும் முழங்காலும்தான் காரணம் என்பதும் நடக்கும். எதுவானாலும் கிளினிக்கில் செருப்பைக் கழற்றி, பாதத்தில் நாடி தட்டுகிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சன நெரிசலில் அது விடுபட்டுப் போகிறது.

குளிசையைத் திரும்பத் தொடங்கலாமா என்றால், தொடை, தோள் பலவீனம் எதுவும் இல்லாவிட்டால் வீட்டில் மிச்சம் இருப்பதை இன்றிரவே போடலாம் என்பேன். பலவீனம் இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுங்கள். மறுபடி ஒத்துவராவிட்டால் வேறு ஸ்டாட்டின் இருக்கிறது, குறைந்த அளவில் தொடங்குகிற வழியும் இருக்கிறது. இரவில்தான் போடவேண்டும் என்ற கட்டாயமும் அட்டோவாஸ்டாட்டினுக்கு இல்லை. இரவில் மறந்துபோகிறார் என்றால் காலைக் குளிசைகளோடு சேர்த்துவிடுங்கள். இன்னொரு கவனம், சளிக் காய்ச்சலுக்குத் தனியார் டொக்டர் யாராவது கிளரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் எழுதினால், ஸ்டாட்டின் போடுகிறார் என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக ஒத்துவராது. கொலஸ்ட்ரோலை மாதா மாதம் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு தடவை போதும். வெளிப்படையாகச் சொன்னால், அப்பா உண்மையில் குளிசை போடுகிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் நான் அந்தப் பரிசோதனையை எழுதுவேன்.

இனி மாமாவின் டின். ஒட்சியேற்றம் கெடுதி என்றால் அதற்கு எதிரானது நல்லதாகத்தானே இருக்க வேண்டும்? எங்கள் துறையும் அப்படித்தான் நினைத்தது, பரிசோதித்தும் பார்த்தது. ஹோப் என்ற ஆய்வு 2000இல் முடிந்தது. ஏறத்தாழ 9,500 பேர், தினம் 400 அலகு விட்டமின் ஈ, நாலரை வருடம். இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை, அவர்களில் கிட்னி குறைந்தவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோதும் இல்லை. டயலிசிஸ் நோயாளர் 196 பேரில் மட்டும் விட்டமின் ஈ நன்மை காட்டிய சின்ன ஆய்வு ஒன்று உண்டு, அதை நம்பி எல்லாருக்கும் எழுத முடியாது. பிறகு, உடம்பின் சொந்தக் காவல் நொதியங்களைத் தட்டி எழுப்புகிற பார்டொக்சலோன் என்ற மருந்தை முற்றிய கிட்னி வருத்தக்காரரில் பெரிய எதிர்பார்ப்போடு சோதித்தார்கள். இதயச் செயலிழப்புக் கூடியதால் 2012இல் ஆய்வையே இடையில் நிறுத்த வேண்டி வந்தது. இரத்தத்தில் ஒரு குறியைத் திருத்துவது வேறு, ஆளைக் காப்பாற்றுவது வேறு. ஆகவே விட்டமின் ஈ வேண்டாம். விட்டமின் சி பெரிய அளவில் வேண்டவே வேண்டாம், அது ஒட்சலேற்றாக மாறிக் கிட்னியிலேயே படியும்.

அந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட டின்களில் பொட்டாசியம், பொஸ்பரசு, புரதம் எல்லாம் கலந்திருக்கும், மூன்றையும் அப்பா அளந்து எடுக்க வேண்டியவர். மூலிகை என்று போட்டிருந்தால் இன்னும் பயம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகைக் குளிசையால் நல்ல கிட்னியோடு இருந்த பெண்கள் பலர் டயலிசிஸுக்குப் போனார்கள். அதில் இருந்த நஞ்சு அரிஸ்டொலோக்கியா என்ற செடியில் இருந்து வந்தது, நம் பக்கத்து ஈச்சுரமூலியும் அந்தக் குடும்பம்தான். பழத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது என்று யாராவது காமரங்கா கொண்டுவந்து தந்தால் அப்பா தொடவே கூடாது. கிட்னி குறைந்தவரில் அதன் நஞ்சு மூளைக்கு ஏறி விக்கல், மயக்கம், வலிப்பு என்று போகும்.

மாமாவின் மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒட்சியேற்ற அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து அப்பாவிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லுங்கள். லொசார்ட்டன் அதைச் செய்கிறது, ஸ்டாட்டினும் கொஞ்சம் செய்கிறது, சீனி கட்டுப்பாட்டில் இருப்பது செய்கிறது. சுருட்டு, பீடி, புகையிலையோடு வெற்றிலை என்று ஏதாவது பழக்கம் இருந்தால் அதை விடுவது இவை எல்லாவற்றையும் விடப் பெரிது. எம்பாக்ளிபுளோசின், டபாக்ளிபுளோசின் என்ற சீனி மருந்துகள் கிட்னியின் வீழ்ச்சியையே மெதுவாக்குகின்றன, அப்பாவுக்குப் பொருந்துமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.

தேங்காயை முழுதாக நிறுத்தச் சொல்லி மட்டக்களப்பில் ஒரு வீட்டிலும் வெல்ல முடியாது, நானும் முயற்சி செய்வதில்லை. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு, அது எல்.டி.எல்.லைக் கூட்டும் என்பதில் சந்தேகம் இல்லை. ஒரு நாளைக்குப் பால் விட்ட கறி ஒன்று, அதுவும் முதற்பால் இல்லாமல். காலைக்குச் சம்பல் என்றால் மத்தியானம் சொதி வேண்டாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதை முதலில் விடுங்கள், அது சட்டியிலேயே ஒட்சியேற்றம் அடைந்த கொழுப்பு. இளநீர் அப்பாவின் பொட்டாசியத்தைப் பொறுத்தது. லொசார்ட்டன் போடுகிறவர் என்பதால், பரிசோதிக்காமல் தாராளமாகக் குடிக்க விட வேண்டாம்.

ட்ரைகிளிசரைட் 236ஐ இறக்க முதல் வழி தேங்காய் இல்லை, சீனிதான். தேத்தண்ணியில் போடுகிற சீனி, சோடா, குவித்த சோற்றுக் கோப்பை, குடிக்கிறவர் என்றால் சாராயம். சர்க்கரை அளவு இறங்கினால் இதுவும் கூடவே இறங்கும். இந்த இலக்கத்துக்காக பெனோபைப்ரேட் கேட்க வேண்டாம், அது கிரியேட்டினினை ஏற்றும், ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசையையும் பார்க்க வேண்டி வரும். ஒமேகா 3 குளிசையும் வாங்கத் தேவையில்லை. சீனி வருத்தமுள்ள 15,480 பேரில் தினம் ஒரு கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது, இதயத்துக்குப் பலன் இல்லை. சூடையும் சாளையும் கிடைக்கிற ஊரில் அதற்குக் காசு கொடுப்பானேன். ஒரு நேரத்துக்கு உள்ளங்கை அளவு மீன் போதும். கருவாடும் டின் மீனும் உப்புக்காகத் தள்ளிவையுங்கள்.

அடுத்த கிளினிக் நாள் தள்ளி இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாமசிக் குளிசை போட்ட கதையைச் சொல்லி, கிரியேட்டினினும் பொட்டாசியமும் இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசையையும், அந்த டின்னையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். இதற்கிடையில் சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, வெகுவாகக் குறைந்தாலோ, எழும்ப முடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டும்.